கவுண்டி ஃபேரில் ஒரு வாரம்: பதிவு மேசையிலிருந்து முகாம் வரை

அமெரிக்காவில் கவுண்டி ஃபேர் என்பது நம் மாவட்டம் போன்ற கவுண்டி ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் நடத்தும் விவசாயத் திருவிழா. அதற்கு இரண்டு விதமாகப் போகலாம். மாலையில் காரை நிறுத்திவிட்டு, ராட்டினம் ஏறி, ஃபனல் கேக் தின்று, பன்றிக்குட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புவது ஒன்று. வீட்டில் விளைந்ததையும் சமைத்ததையும் தைத்ததையும் வளர்த்ததையும் போட்டிக்கு வைத்துவிட்டு, அந்த மைதானத்திலேயே ஒரு வாரம் முகாமிட்டுத் தங்குவது மற்றொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினருக்கானது. நாங்கள் வசிக்கும் ஒஹாயோ மாநிலத்து நடைமுறையை வைத்தே எழுதுகிறேன். 88 கவுண்டிகள் கொண்ட இந்த மாநிலத்தில் ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை ஃபேர் காலம் நீள்கிறது. மற்ற மாநிலங்களில் பெயர்களும் தேதிகளும் மாறுமே தவிர, வேலையின் போக்கு பெரிதாக மாறாது.

எல்கனா வாட்சன் என்பவர் 1807-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு ஊர்ச் சதுக்கத்தில் இரண்டு மெரினோ செம்மறிகளைக் கட்டி வைத்து ஊராருக்குக் காட்டினார். 1810-இல் அதே ஊரில் அவர் முன்னின்று நடத்திய கால்நடைக் காட்சியைத்தான் இன்றைய ஃபேர்களுக்குத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். நல்ல இனத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பக்கத்து விவசாயி நம்புவார் என்பது அவருடைய கணக்கு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கும் நடுவர்கள் உங்கள் பொருளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள்: இது எவ்வளவு ருசி, எவ்வளவு அழகு என்பதைவிட, இந்த வகைக்கு வகுத்த இலக்கணத்தோடு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. இதைப் புரிந்துகொள்ளாமல் போய் ஏமாந்தவர்களில் நாங்களும் உண்டு.

புத்தகம் முதலில்

வசந்த காலத்திலேயே செய்ய வேண்டிய முதல் வேலை, ஃபேர் நிர்வாகம் வெளியிடும் பிரீமியம் புக்கை எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்வது. பிரீமியம் என்றால் இங்கே காப்பீட்டுத் தவணை அல்ல, பரிசுப் பணம். அதுவும் பெரும்பாலும் சில டாலர்கள்தான். ஆனால் ஒவ்வொரு பொருளையும் எத்தனை எண்ணிக்கையில், எந்த அளவில், எந்தக் கலத்தில், எந்த நாள் எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் வகுப்பு எண்ணோடு எழுதியிருக்கும். அதில் இரண்டு தேதிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பெயர் பதியும் கடைசி நாள் ஒன்று, பொருளைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் நாள் மற்றொன்று. முதலாவது பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டுவிட்டு அருமையான தக்காளியோடு போய் நின்றாலும் பயனில்லை.

ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பீன்ஸ் விதைத்துக் காய்க்க ஏறத்தாழ 55 நாட்கள் ஆகும். ஜின்னியா பூக்க 60 முதல் 70 நாட்கள். ஆகஸ்ட் நடுவில் ஃபேர் என்றால் ஜூன் தொடக்கத்தில் ஒரு விதைப்பும், பத்து நாள் கழித்து இன்னொரு விதைப்பும் போட்டு வைத்தால், மழை வெயில் எப்படி இருந்தாலும் ஏதாவது ஒரு பாத்தி சரியான பருவத்தில் கைகொடுக்கும். இந்தக் கணக்கை எல்லாம் நான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய நாட்காட்டியில்தான் எழுதுகிறேன். கைப்பேசியில் எழுதினால் வீட்டில் வேறு யாரும் பார்ப்பதில்லை.

புத்தகத்தில் பெரும்பிரிவுகள் இரண்டு. ஓப்பன் கிளாஸில் வயது வரம்பின்றி யாரும் கலந்துகொள்ளலாம். ஜூனியர் ஃபேர் எனப்படுவது 4-எச், எஃப்.எஃப்.ஏ. போன்ற இளையோர் அமைப்புகளில் உறுப்பினரான பிள்ளைகளுக்கு உரியது. 4-எச் இயக்கமே ஒஹாயோவில் பிறந்ததுதான். ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் 1902 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டி, சோளம் வளர்ப்பது, மண்ணைச் சோதிப்பது என்று தொடங்கி வைத்தார். இங்கே 5 வயதாகி கிண்டர்கார்ட்டனில் சேர்ந்த குழந்தைகள் க்ளோவர்பட் என்ற நிலையில் போட்டியின்றிக் கலந்துகொள்ளலாம். 8 வயதாகி மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகே போட்டிக்குரிய செயல்திட்டம் எடுக்க முடியும். உறுப்பினர் சேர்க்கைக்கும் கடைசித் தேதி வசந்தத்திலேயே வந்துவிடும் என்பதால், ஜூலையில் ஆசைப்பட்டால் அந்த ஆண்டு நடக்காது.

ரிப்பன் நிறத்தைப் பற்றியும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நீலம் முதல், சிவப்பு இரண்டாவது, வெள்ளை மூன்றாவது என்பது ஓப்பன் கிளாஸின் பொதுவான வழக்கம். ஆனால் இளையோர் பிரிவுகள் பலவற்றில் டேனிஷ் முறையில் மதிப்பிடுகிறார்கள். அதில் தரத்தை எட்டிய எல்லோருக்கும் நீலம் கிடைக்கும். பிள்ளைகள் ஒருவரோடொருவர் மோதுவதில்லை, தரத்தோடுதான் மோதுகிறார்கள். இது தெரியாமல், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் நீலம் கிடைத்ததே என்று என் மகள் முதலாண்டு முகம் வாடிப்போனாள்.

ஜாடியும் காயும் பூவும்

பதப்படுத்திய உணவுப் பிரிவில் நடுவர் பெரும்பாலும் ஜாடியைத் திறப்பதே இல்லை. கண்ணாடி வழியே பார்த்து, மூடியைத் தட்டி, லேபிளைப் படித்து முடிவு செய்துவிடுகிறார். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த ஆண்டு, ஆவக்காய் ஊறுகாயை, கழுவி வைத்திருந்த ஒரு பழைய ஜாம் பாட்டிலில் போட்டுப் பதிவு மேசையில் வைத்தோம். மேசையிலிருந்த அம்மாள் மிகுந்த மரியாதையோடு அதைத் திருப்பித் தந்துவிட்டார். கார் வரைக்கும் என் மாமியார், "ஏம்மா, இவங்க தொட்டு நாக்குலகூட வச்சுப் பாக்கலையே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருடைய கை மணத்தில் குறையில்லை, தவறு எங்களுடையது. உணவு பதப்படுத்தவென்றே விற்கும் மேசன் கண்ணாடி ஜாடி, தட்டை மூடி, அதன்மேல் திருகும் வளையம் என்ற மூன்றும் வேண்டும். தட்டை மூடி புதிதாகவும், வளையம் துருவின்றியும் இருக்க வேண்டும். செய்முறை அமெரிக்க வேளாண் துறையின் கையேட்டிலோ, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையத்தின் பட்டியலிலோ உள்ள, சோதித்துப் பார்த்த செய்முறையாக இருக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும் நம் ஊறுகாய் அந்த வரையறைக்குள் வராது. மாங்காய்ச் சட்னிக்கு அந்தப் பட்டியலில் செய்முறை உண்டு. அதை அப்படியே பின்பற்றிச் செய்தால் தாராளமாக வைக்கலாம்.

ஜாடிக்குள் விளிம்புக்கும் பண்டத்துக்கும் நடுவே விடும் இடைவெளியை அளவுகோலால் அளந்தே வையுங்கள். ஜாம், ஜெல்லிக்குக் கால் அங்குலம். பழம், தக்காளி, வினிகர் ஊறுகாய்க்கு அரை அங்குலம். பிரஷர் கேனர் எனும் பெரிய அழுத்தக் குக்கரில் வைக்கும் பீன்ஸ் போன்ற காய்களுக்கு ஒரு அங்குலம். தக்காளிக்குத் தன் புளிப்பு மட்டும் போதாது என்பதால், ஒரு குவார்ட் (லிட்டருக்குச் சற்றுக் குறைவு) ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். பழத்தைப் பிழிந்தெடுத்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறுவதால் அதை ஏற்பதில்லை. லேபிளில் பண்டத்தின் பெயர், பதப்படுத்திய முறை, எத்தனை நிமிடம், எந்தத் தேதி என்பதோடு பல இடங்களில் உங்கள் ஊரின் உயரத்தையும் கேட்பார்கள். அதை ஒரு சடங்காக நினைக்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 1,000 அடிக்கு மேலே போனால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே கீழே கொதிநீரில் ஐந்து நிமிடம் வைக்கும் ஜாமை அங்கே பத்து நிமிடம் வைக்க வேண்டும். சமவெளி என்று நாம் நினைக்கும் ஒஹாயோவிலும் அந்த உயரத்தைத் தாண்டிய ஊர்கள் இருக்கின்றன.

காய்கறிப் பிரிவில் வெற்றி பெறுவது பெரிய காய் அல்ல, ஒரே அச்சில் வார்த்தது போன்ற காய்கள். ஐந்து தக்காளி கேட்டால் பதினைந்தைப் பறித்து மேசையில் பரப்பி, அளவும் நிறமும் பழுத்த பருவமும் ஒத்திருக்கும் ஐந்தை எடுங்கள். ஒன்று மட்டும் மிக அழகாக இருந்தால், அதுதான் உங்கள் தட்டைக் கெடுக்கப் போகிறது. உருளைக்கிழங்கைக் கழுவாமல் மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டுங்கள். வெங்காயத்தின் தோலைப் பளபளப்புக்காக உரிக்காதீர்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மிளகாயும் காம்போடு இருக்கட்டும். இந்த மூன்றிலும் நம் வீட்டுத் தோட்டங்களுக்கு நல்ல கைராசி உண்டு. உங்கள் காய்க்குத் தனி வகுப்பு இல்லையென்றால், கடைசியில் 'மேற்கண்டவற்றில் அடங்காதவை' என்று ஒரு வகுப்பு இருக்கும். புடலங்காயை அதில்தான் வைத்தோம். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நின்றது.

பூக்களை முதல் நாள் மாலை வெயில் தாழ்ந்த பிறகோ, அன்று விடியற்காலையிலோ வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை நீக்கிவிட்டு, இரவெல்லாம் குளிர்ந்த இருட்டான இடத்தில் வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். பேக்கிங் பிரிவுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: கேட்ட எண்ணிக்கையைக் காகிதத் தட்டில் வைத்து ஜிப் பையில் போடுங்கள், ஃபிரிட்ஜ் தேவைப்படும் கிரீம் எதையும் தவிருங்கள்.

பொருளை ஒப்படைக்கும்போது அட்டை டேகின் கீழ்ப்பாதியைத் துளைக்கோட்டில் கிழித்து உங்களிடம் தருவார்கள். சுண்டுவிரல் அகலமே உள்ள அந்தத் துண்டுதான் வார இறுதியில் பொருளைத் திரும்பப் பெறும் ரசீது. இருபது பொருள் வைத்தால் இருபது துண்டு. அவற்றைப் பையில் போடாமல், தனி உறையில் போட்டு, உறையின் மேல் எந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி, காரின் டாஷ்போர்டு பெட்டியில் பூட்டிவிடுங்கள்.

உயிருள்ளவை

கால்நடை என்றால் காகிதம் இரட்டிப்பாகும். ஜூனியர் ஃபேரில் விலங்கு வைக்கும் பிள்ளைகள் விலங்கை முறையாக வளர்க்கச் சொல்லித்தரும் தர உறுதிப் பயிற்சியை ஆண்டுதோறும் முடிக்க வேண்டும். இறைச்சிக்கு விற்கப்படும் விலங்கு என்றால், அதற்குக் கொடுத்த மருந்துகளைப் பற்றிய அறிவிப்புப் படிவத்தைப் பெற்றோர் கையொப்பத்தோடு தர வேண்டும். ஆட்டுக்கு ஸ்க்ரேப்பி என்ற நோயைத் தடுக்கும் திட்டத்தின் காதடையாளம், கோழிக்குப் புல்லோரம் என்ற நோய்க்கான சோதனைச் சான்று, முயலுக்கு இடக் காதில் பச்சை குத்திய எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. முதன்முறை என்றால் முயலிலோ கோழியிலோ தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. கூண்டைப் பிள்ளையே தூக்கலாம், பெரியவர்கள் மேற்பார்த்தால் போதும்.

முயல் குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. வெப்பம் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே அதன் உயிருக்கு ஆபத்து. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை உறையவைத்து, ஒரு முயலுக்கு நாளொன்றுக்கு நான்கு வீதம் ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். கூண்டுக்குள் ஒரு பாட்டிலைக் கிடத்திவிட்டுச் சற்று விலகி நின்று பாருங்கள்: மூக்கு துடிக்க அருகில் வந்து, முகர்ந்து, பிறகு மெல்ல உடம்பை நீட்டி அதன்மேல் சாய்ந்து, காதுகள் இரண்டையும் பின்னால் தளர்த்திக்கொள்ளும். அப்போதுதான் நமக்கும் மூச்சு வரும்.

ஆடும் மாடும் புது இடத்துத் தண்ணீரைக் குடிக்க மறுக்கும். குளோரின் வாடைதான் காரணம் என்பார்கள். வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கேன் தண்ணீரும், பழகிய வாளியும், வழக்கமான வைக்கோலும் தீவனமும் எடுத்துப் போய், தண்ணீரை மட்டும் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள்.

பன்றிக் கொட்டகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2012 கோடையில் பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றிய ஒரு வகை ஃப்ளூ, அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது; அவர்களில் பெரும்பாலோர் ஃபேர்களில் பன்றிகளின் அருகில் இருந்த பிள்ளைகள். இண்டியானாவிலும் ஒஹாயோவிலும்தான் மிகுதி. அதன் பிறகு பல ஃபேர்களில் பன்றிகள் மைதானத்தில் தங்கும் நேரத்தையே குறைத்துவிட்டார்கள். கொட்டகைக்குள் உண்ணவோ பருகவோ கூடாது, தள்ளுவண்டியும் பால் பாட்டிலும் உள்ளே வரக் கூடாது, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் உள்ளே போகாமலிருப்பதே நல்லது. ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியை ஆசையாக அழைத்துப் போகும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

முகாம்

ஃபேர் மைதானத்து முகாமிடங்கள் பெரும்பாலும் சென்ற ஆண்டு இருந்தவர்களுக்கே முதலில் போகும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதி வைத்துக் குளிர்காலத்திலேயே விசாரியுங்கள். விலங்கு வைக்கும் குடும்பங்களுக்குப் பல இடங்களில் முன்னுரிமை உண்டு. விலங்கு இல்லாமலும் முகாமிடலாம். ஆனால் காலை ஐந்தரைக்குக் கொட்டகையில் தண்ணீர் வைக்க வேண்டியவர்களுக்கு முகாம் வசதியல்ல, அவசியம்.

இட வரைபடத்தில் நிழலைப் பார்க்கும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்து தங்கும் ட்ரெய்லருக்கு 30 ஆம்பியர் இணைப்பு என்றால், 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போதே ஏறத்தாழ 1,500 வாட் போய்விடும்; தண்ணீர் சூடாக்கி மின்சாரத்தில் இருந்தால் இன்னொரு 1,400. அந்த நேரத்தில் 1,000 வாட் 'இன்ஸ்டன்ட் பாட்' மின்குக்கரில் சாதம் வைத்தால் பிரேக்கர் விழும். முதலாண்டு எங்களுக்கு மூன்று இரவு விழுந்தது; மூன்றாம் இரவுதான் காரணம் புரிந்தது. சமைக்கும் அரை மணி நேரம் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், அல்லது வெளியே புரொபேன் அடுப்பில் சமையுங்கள். இட்லி மாவை ஐஸ் பெட்டியில் வைத்து மூன்று நாள் சமாளிக்கலாம்; நான்காம் நாள் அது புளித்துத் தோசைக்குத்தான் ஆகும். புளியோதரைப் பொடியும் தயிரும் இருந்தால், ஆளுக்கு ஒரு கார்ன் டாகும் எலுமிச்சைச் சாறும் வாங்கி நாற்பது டாலர் கரைவது பாதியாகக் குறையும்.

தண்ணீர்க் குழாய் இருக்கும். கழிவுநீர் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. ஆகவே பாத்திரம் கழுவும் தண்ணீர்கூடத் தொட்டியில் சேரும் என்பதை எண்ணி, காகிதத் தட்டுக்கு மனத்தைப் பழக்குங்கள். கழிவுத்தொட்டியை உறிஞ்ச வண்டி எந்த நாள் வரும் என்று வந்த அன்றே கேட்டு வையுங்கள். பொதுக் குளியலறையில் வரிசை இல்லாத நேரம் இரண்டுதான்: விடியற்காலை ஐந்து மணிக்கு முன், அல்லது பழைய கார்களை மோதவிட்டு நொறுக்கும் டெமாலிஷன் டெர்பி நடக்கும் மாலை. அந்த மோதல் சத்தம் இரவு பத்து வரை கேட்கும்; குழந்தைகளுக்குக் காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

கோடைப் புயலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கைப்பேசியில் டொர்னாடோ 'வாட்ச்' என்று வந்தால், சூழல் அதற்கு வாய்ப்பாக இருக்கிறது என்று பொருள். 'வார்னிங்' என்று வந்தால், சுழல் கண்ணிலோ ராடாரிலோ தென்பட்டுவிட்டது, உடனே ஒதுங்க வேண்டும். கூடாரமும் ட்ரெய்லரும் ஒதுங்குமிடமல்ல. முகாமிட்ட முதல் மாலையே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய், எந்தக் கான்கிரீட் கட்டடத்துக்கு ஓட வேண்டும் என்று காட்டிவிடுங்கள். இரவு தூங்கும் முன் ட்ரெய்லரின் துணிக்கூரையைச் சுருட்டாமல் படுக்காதீர்கள். எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளியிருந்த ஒருவரின் கூரை நள்ளிரவில் பக்கத்துக் கார்மேல் போய் உட்கார்ந்தது.

ஏலமும் விடுவிப்பும்

இறைச்சி விலங்கு வைத்த பிள்ளை இருந்தால், வாரத்தின் கடைசியில் வரும் ஏலத்துக்கு மார்ச் மாதமே மனத்தைத் தயார் செய்யுங்கள். ஆட்டுக்குட்டியை வாங்கும் அன்றே, இது எங்கே போகும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. கடைசி நாளில் உண்மையைச் சொல்லும் பெற்றோரைத்தான் பிள்ளை மன்னிப்பதில்லை. ஏலம் எடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் கடைகளும் வங்கிகளும் விவசாயிகளும்தான். ஏலத்துக்கு முன்பே பிள்ளையின் கையெழுத்தில் அவர்களுக்கு ஒரு அழைப்புக் கடிதமும், பிறகு ஒரு நன்றிக் கடிதமும் போக வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். ஏலம் முடிந்த இரவு கொட்டகையில் விளக்கு அணையும்வரை, வெற்றுக் கூண்டுகளுக்கு நடுவே பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று சீக்கிரம் படுக்கச் சொல்லாதீர்கள்.

பொருள்களைத் திருப்பித் தரும் நேரம் புத்தகத்தில் போட்டிருக்கும். அதற்கு முன் எதையும் எடுத்தால் பரிசுப் பணம் போய்விடும் என்பது பல ஃபேர்களின் விதி. அந்த நேரம் வந்ததும் எல்லாக் கட்டடங்களிலும் ஒரே சமயத்தில் கூட்டம் முண்டும். ஒருவர் விலங்கை ஏற்ற, ஒருவர் ரசீது உறையோடு ஜாடிகளையும் பூந்தொட்டிகளையும் எடுக்க, ஒருவர் ட்ரெய்லரைக் கட்டி முடிக்க என்று ஆளுக்கொரு வேலையை முதல் நாளே பிரித்துவிடுங்கள். நடுவரின் குறிப்பட்டை பொருளோடு இருந்தால் அதைக் கழற்றி எறியாமல், பிரீமியம் புக்கில் அந்த வகுப்பு வரும் பக்கத்திலேயே செருகி வையுங்கள்.

வீடு திரும்பிய முயலையோ கோழியையோ நேரே பழைய கூட்டத்தோடு விட்டுவிடாமல், குறைந்தது இரண்டு வாரமாவது, முடிந்தால் நான்கு வாரம், தனியே வைத்துத் தீவனமும் தண்ணீரும் மற்றவற்றுக்கு வைத்த பிறகு கடைசியாக வையுங்கள். கொட்டகையில் போட்ட பூட்ஸ்களை வாசலிலேயே கழுவிக் கிருமிநாசினியில் நனைத்து வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகு, ட்ரெய்லரின் கழிவுத்தொட்டியை மறுநாள் காலையிலேயே காலி செய்துவிடுங்கள். ஆகஸ்ட் வெயிலில் அது ஒரு நாள் கூடுதலாக நின்றால் அக்கம்பக்கத்தார் நம்மோடு பேச மாட்டார்கள்.